வில்லனின் ஆபீஸ் நாட்கள்: ‘கைஜி’யின் நகைச்சுவைக் கிளைத்தொடர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் பார்க்கிறவர்களிடம் ‘கைஜி’ என்ற சூதாட்டத் தொடரின் பெயரைச் சொன்னால் முகம் சற்று இறுகும். அதில் வரும் டோனெகாவா என்ற கொடூரனைக் கதாநாயகனாக்கி விழுந்து விழுந்து சிரிக்க ஒரு தொடர் எடுத்திருக்கிறார்கள் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. நம்பியவர்கள் கேட்கும் கேள்விகளோ பெரும்பாலும் ஒன்றேபோல் இருக்கின்றன. அவற்றை ஏறக்குறையக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ‘கைஜி’யின் இரண்டு சீசன்களிலும் வரும் முக்கியத் திருப்பங்கள் கீழே வெளிப்படும். அவற்றை மறைத்துக்கொண்டு இந்தச் சிரிப்பை விளக்க வழியில்லை.

‘கைஜி’ என்பது என்ன கதை? ஒரு வரியில் சொல்ல முடியுமா?

ஒரு வரியில் முடியாது, ஒரு கணக்கில் முடியும். கைஜி என்ற வேலைவெட்டி இல்லாத இளைஞன், உடன் வேலை பார்த்த ஒருவன் வாங்கிய 3 லட்சம் யென் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறான். வாங்கியவன் தலைமறைவாகிவிடுகிறான். மாதம் 20 சதவீதக் கூட்டு வட்டியில் 14 மாதங்களில் அந்தக் கடன் 38 லட்சத்து 50 ஆயிரம் யென் ஆகிறது. நம்பிக்கை இல்லாதவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், சரியாக வரும்.

அதைத் தீர்ப்பதற்காக எஸ்போவார் என்ற கப்பலில் ஏறிச் சூதாடுகிறான். அங்கிருந்து உயரமான கட்டடங்களுக்கு இடையே ஒடுக்கமான இரும்பு உத்தரத்தின் மேல் நடப்பது, காதுக்குள் ஊசி வைத்துச் சீட்டாடுவது, பூமிக்கடியில் அடிமை வேலை என்று கதை இறங்கிக்கொண்டே போகிறது. எல்லாவற்றையும் நடத்துவது தேயாய் என்ற கந்துவட்டி நிறுவனம். நொபுயுகி ஃபுகுமோட்டோ 1996இல் மங்காவாக, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையாக, தொடங்கிய கதை இது. மேட்ஹவுஸ் நிறுவனம் 2007லும் 2011லும் தலா 26 எபிசோடுகள் கொண்ட அனிமேயாக எடுத்தது.

டோனெகாவா யார்? அவருக்குப் போய் ஏன் தனித்தொடர்?

தேயாய் நிறுவனத்தின் உயர் அதிகாரி, முதல் சீசனின் வில்லன். கடனாளிகளைப் பார்த்துக் குப்பைகளே என்று கர்ஜிப்பவர். உயிரைவிடப் பணம் கனமானது என்று நெஞ்சறியப் பேசுபவர். கடைசியில் கைஜியிடம் சீட்டாட்டத்தில் தோற்று, நிறுவனத் தலைவர் ஹியோடோவின் உத்தரவுப்படி, பழுக்கக் காய்ந்த இரும்புத் தட்டில் நெற்றி பதித்து மன்னிப்புக் கேட்கிறார். குறைந்தது பத்து விநாடி என்பது நிபந்தனை. அவர் பன்னிரண்டு விநாடி தாங்குகிறார்.

தனித்தொடருக்கான விதை அந்தப் பன்னிரண்டு விநாடியில் இருக்கிறது. யாரும் பிடித்து அழுத்தத் தேவையில்லாமல் தானாகவே அவர் குனியும்போது கைஜியின் கோபமே டோனெகாவாவை விட்டு ஹியோடோவின் பக்கம் திரும்பிவிடுகிறது. இவ்வளவு நேரம் நாம் அரக்கன் என்று நினைத்தவர் இன்னொருவரிடம் சம்பளம் வாங்கும் ஆள் என்பது அப்போதுதான் உறைக்கிறது. அந்த ஆளின் சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருந்திருக்கும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

சரி, அந்தத் தொடரில் என்னதான் நடக்கிறது?

கூட்டம் நடக்கிறது. உண்மையாகவே அதுதான். கிழவர் ஹியோடோவுக்குச் சலிப்புத் தட்டுகிறது, கடனாளிகளை வைத்து விறுவிறுப்பான மரண விளையாட்டு ஒன்று வேண்டும் என்கிறார். பொறுப்பு டோனெகாவாவின் தலையில் விழுகிறது. அவருக்குக் கீழே கறுப்பு சூட்டும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த ஆட்கள் கொண்ட ஒரு குழு. மூலத் தொடரில் சுவரோரம் பெயரில்லாமல் நின்றவர்கள் இங்கே யாமாசாகி, சாஎமோன் சாபுரோ, எபிதானி, தோஷிதா என்று ஆளாளுக்கு ஒரு குணத்தோடு வருகிறார்கள்.

முதல் நெருக்கடி மரண விளையாட்டு பற்றியது அல்ல. எல்லோரும் ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி கண்ணாடி என்பதால் டோனெகாவாவுக்குப் பெயர்கள் மனத்தில் நிற்பதில்லை. மேலதிகாரி பெயரைத் தவறாகச் சொன்னால் மரியாதை போய்விடும். அதற்காக அவர் வியர்க்கிற வியர்வை, கைஜி உத்தரத்தின் மேல் நடந்தபோது வியர்த்ததற்குச் சற்றும் குறைந்ததல்ல.

‘கைஜி’யைப் பார்க்காமல் நேராக ‘டோனெகாவா’வுக்குப் போகலாமா? எனக்கு ரத்தம், சித்திரவதை எல்லாம் ஒத்துவராது.

போகலாம், ஆனால் பாதி உணவுதான் கிடைக்கும். ஆபீஸ் நகைச்சுவை என்ற அளவில் தனியாகவே நிற்கும். ஆனால் தலைவரின் ஒரு முகச்சுளிப்புக்கு டோனெகாவா ஏன் இப்படி நடுங்குகிறார் என்பதற்கான பதில் அந்த இரும்புத் தட்டில் இருக்கிறது. அது தெரிந்தவர் சிரிக்கும் சிரிப்பு வேறு.

சமரசமாக ஒரு வழி: முதல் சீசனை மட்டும் பார்த்துவிட்டு ‘டோனெகாவா’வுக்கு வாருங்கள். ‘ஹான்ச்சோ’ வேண்டுமென்றால் இரண்டாம் சீசனின் முதல் பாதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ஹான்ச்சோ’ என்றால் என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்.

இது ‘கைஜி’யைக் கிண்டல் செய்யும் பகடிதானே?

இல்லை. இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பகடி என்றால் மூலத்தின் உருவத்தைக் கெடுக்க வேண்டும். ‘அட்டாக் ஆன் டைட்டன்’ தொடருக்கு 2015இல் ‘ஜூனியர் ஹை’ என்று ஒரு பள்ளிக்கூட வடிவம் வந்தது. அங்கே பாத்திரங்கள் பெரிய தலையும் குட்டி உடம்புமாக மாறிவிடுவார்கள். மூலத்தில் தாயைத் தின்ற ராட்சதர்கள் மேல் பழிவெறி கொண்ட எரென், அங்கே மதிய உணவைத் தின்றுவிட்டார்கள் என்று பழிவெறி கொள்கிறான். ஒரு நல்ல ஜோக். ஆனால் அந்த ஒரு ஜோக்கை வைத்துக்கொண்டுதான் அது கடைசிவரை வண்டி ஓட்டுகிறது.

‘டோனெகாவா’ எதையும் குட்டியாக்கவில்லை. ஃபுகுமோட்டோவின் கூரான மூக்கு, கத்தி போன்ற தாடை, பாத்திரத்தின் உள்மனம் பக்கம் பக்கமாகப் போடும் கணக்குகள், பதற்றம் ஏறும்போது பின்னணியில் கேட்கும் ‘ஸவ... ஸவ...’ என்ற சலசலப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. பணயம் மட்டும் மாறுகிறது. விரல் போகுமா என்ற இடத்தில், கீழே வேலை பார்ப்பவன் என்னை மதிப்பானா என்ற கேள்வி வந்து உட்காருகிறது. சொல்லும் முறை துளியும் இறங்கிவரவில்லை. அந்த உடும்புப்பிடிதான் சிரிப்பு.

இரண்டு எபிசோட் பார்த்தேன், சிரிப்பே வரவில்லையே. எங்கே சிரிக்க வேண்டும்?

தனியாக ஜோக் சொல்லும் இடம் இருக்காது, அதைத் தேடினால் ஏமாற்றம்தான். டோனெகாவா ஒரு சின்ன விஷயத்தை எப்படித் திட்டமிடுகிறார் என்பதைக் கவனியுங்கள். கூட்டத்தில் யோசனை கேட்கிறார், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கோபப்பட்டால் இன்னும் மூடிக்கொள்வார்கள். புகழ்ந்தால் அற்ப யோசனைகள் குவியும். குவிந்ததை நிராகரித்தால் மறுபடி மௌனம். இதில் எந்தச் சீட்டை எப்போது இறக்குவது? கைஜி எதிராளியின் மனத்தைப் படித்த அதே தர்க்கம் இங்கே வெள்ளைப் பலகையின் முன் நின்றுகொண்டு ஓடுகிறது.

மேலே ஹியோடோ, கீழே இளைஞர்கள், நடுவில் டோனெகாவா. அவர் தோற்பது பெரும்பாலும் முட்டாள்தனத்தால் அல்ல, அளவுக்கு மீறிய புத்திசாலித்தனத்தால். எதிரே இருப்பவர் மூன்று படி யோசிப்பார் என்று இவர் நான்காவது படியில் போய் நிற்பார். அவரோ எதையுமே யோசித்திருக்கமாட்டார். இதற்கும் சிரிப்பு வரவில்லை என்றால் தொடர் உங்களுக்கு ஏற்றதல்ல, விட்டுவிடலாம்.

ஜப்பான் ஆபீஸ் பழக்கவழக்கம் தெரியாவிட்டால் புரியுமா?

தொண்ணூறு பங்கு புரியும். மேலதிகாரியின் முகத்தைப் பார்த்து வானிலை அறிவது எல்லா ஊரிலும் இருப்பது. மீதிக்குச் சில செய்திகள் போதும். ஜப்பானியப் பெருநிறுவனங்களில் முடிவு மேலிருந்து வருவதுபோல் தோன்றினாலும், யார் மனமும் புண்படாமல் முன்கூட்டியே எல்லோரையும் இணங்க வைக்கும் வேலை நடுமட்டத்தில் இருப்பவருடையது. வாய்விட்டுச் சொல்லப்படாததை ஊகித்து நடந்துகொள்வது ஒரு திறமையாகவே மதிக்கப்படுகிறது. வேலை முடிந்தபின் சேர்ந்து குடிக்கப் போவதும் கிட்டத்தட்ட வேலைதான்.

தரையில் மண்டியிட்டு நெற்றி படக் குனிவது அங்கே மன்னிப்புக் கேட்கும் முறைகளில் ஆகக் கடைசியானது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்தத் தரையைச் சுட வைத்தவர் ஹியோடோ. இரண்டாவது கேள்வியில் சொன்ன தண்டனையின் கொடூரம் சூட்டில் மட்டும் இல்லை.

‘ஹான்ச்சோ’ என்று இன்னொன்று சொல்கிறார்களே, அது என்ன?

‘கைஜி’யின் இரண்டாம் சீசனில் வரும் பூமிக்கடியிலான வேலைமுகாமின் மேஸ்திரி, அதாவது ஹான்ச்சோ, ஓட்சுகியின் கதை. குண்டான உடம்பு, குழைவான பேச்சு, பகடையில் பித்தலாட்டம். அந்த முகாமில் பெரிகா என்ற தனிப் பணம் புழங்குகிறது, பத்து பெரிகா சேர்ந்தால் ஒரு யென். மாதச் சம்பளம் 91,000 பெரிகா. 5 லட்சம் பெரிகா கொடுத்தால் ஒரு நாள் மட்டும் வெளியுலகத்தைப் பார்த்துவிட்டு வரலாம். ஒரு வாய் பீர்கூட வாங்காமல் சேர்த்தால் ஐந்தரை மாதச் சம்பளம்.

ஓட்சுகிக்கு அந்தப் பணம் பிரச்சினை இல்லை. அவர் அடிக்கடி வெளியே வருகிறார். வந்து அந்த ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார் என்பதுதான் முழுக்கதை. 2016ஆம் ஆண்டின் இறுதியில் வாரப் பத்திரிகை ஒன்றில் மங்காவாகத் தொடங்கியது. 2018இல் ‘டோனெகாவா’ அனிமே வந்தபோது இதிலிருந்தும் சில கதைகளை அதற்குள் சேர்த்துக்கொண்டார்கள். அனிமே பார்க்கும்போது திடீரென்று ஒரு குண்டு மனிதர் வந்து சாப்பிட ஆரம்பித்தால் குழம்ப வேண்டாம்.

ஒரு ஆள் நூடுல்ஸ் சாப்பிடுவதில் பார்க்க என்ன இருக்கிறது?

ஓட்சுகி எப்படிச் சாப்பிடுகிறார் என்று பாருங்கள். வெளியே வந்த நாளில் ஒழுங்காக ஒரு சூட் போட்டுக்கொள்கிறார். மதிய வேளையில் அலுவலகக்காரர்கள் அவசர அவசரமாக நின்றுகொண்டே சோபா நூடுல்ஸ் உறிஞ்சும் கடைக்குள் நுழைகிறார். பீர் வாங்குகிறார். சுற்றிலும் வேலைக்குத் திரும்ப வேண்டிய மனிதர்கள். அவர்களைப் போலவே உடுத்திய ஒருவர் நடுப்பகலில் நிதானமாகக் குடிக்கிறார். அவர்கள் கண்களில் தெரியும் பொறாமைதான் அவருக்குத் தொட்டுக்கொள்ள. இவ்வளவுக்கும் அந்தக் கடையில் இருப்பவர்களிலேயே அடிமை அவர் ஒருவர்தான். அந்த ஒரு நாள் முடிந்ததும் பூமிக்கடிக்குத் திரும்ப வேண்டியவர்.

இதற்கும் விதை மூலத் தொடரிலேயே இருக்கிறது. முகாமுக்குப் புதிதாக வந்த கைஜி, ஆசைப்பட்ட கோழிச் சுட்டிறைச்சியை விட்டுவிட்டு மலிவான கொறிதீனியோடு நிறுத்திக்கொள்கிறான். ஓட்சுகி அருகே வந்து, ஆசையை அவிழ்த்துவிடத் தெரியவில்லையே உனக்கு என்கிறார். உண்மையில் வேண்டியதை விட்டுவிட்டு அற்பமானதில் மனத்தை ஏமாற்றினால் ஏக்கம்தான் மிஞ்சும், அது சேமிப்பே இல்லை என்று பரிவோடு விளக்குகிறார். அங்கே அது இரையை வளைக்கும் பேச்சு. கைஜி அதில் விழுந்து சம்பளம் முழுவதையும் தொலைக்கிறான். ‘ஹான்ச்சோ’ அதே பேச்சை எடுத்து, இந்த மனிதர் சொன்னதை மனமார நம்பியிருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கிறது. நம்பியிருக்கிறார். ஒரு நாளை எப்படி வாழ்வது என்று அவருக்கு நிஜமாகவே தெரிகிறது. கேள்விப்பட்டபோது எனக்கும் இது ஒரு சாப்பாட்டு மங்கா என்றுதான் தோன்றியது. படித்தால், விடுமுறை நாளைச் செலவிடத் தெரியாத உழைப்பாளிகளுக்கு ஒரு குற்றவாளி எடுக்கும் பாடமாக இருக்கிறது.

காவலுக்கு வரும் கறுப்பு சூட் ஆள் மியாமோட்டோவும் சில சந்திப்புகளில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிடுகிறார். கைதியும் காவலரும் எங்கே சாப்பிடலாம் என்று விவாதிப்பது தனி ரகம்.

இதையெல்லாம் எழுதியதும் ஃபுகுமோட்டோதானா?

இல்லை. இரண்டுக்கும் கதை டென்செய் ஹாகிவாரா. ‘டோனெகாவா’வுக்கு ஓவியம் தொமொஹிரோ ஹாஷிமோட்டோ, தொமொகி மியோஷி. ‘ஹான்ச்சோ’வுக்கு மொதொமு உஎஹாரா, கசுயா அராய். ஃபுகுமோட்டோவின் பெயர் ஒத்துழைப்பு என்ற இடத்தில் வருகிறது. கோடுகளைப் பார்த்தால் வேறு கை வரைந்தது என்று சட்டென்று சொல்ல முடியாது, அவ்வளவு விசுவாசம்.

‘டோனெகாவா’ மங்கா 2015இல் தொடங்கி 2020இல் பத்துத் தொகுதிகளோடு முடிந்தது. ஜப்பானில் ஆண்டுதோறும் வரும் ‘கோனோ மங்கா கா சுகோய்’ பட்டியலின் 2017ஆம் ஆண்டு பதிப்பில், ஆண் வாசகர் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஒரு கிளைத்தொடருக்கு இது சின்ன விஷயமில்லை.

அனிமேயைவிட மங்காதான் நன்றாக இருக்கிறது என்கிறார்களே?

நானும் அந்தக் கட்சிதான். 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை 24 எபிசோடுகளாக வந்த அனிமேயையும் மேட்ஹவுஸ்தான் எடுத்தது. ஆனால் கதைசொல்லியின் குரலில் கணக்குத் தவறிவிட்டது. மூலத் தொடரில் ஃபுமிஹிகோ டாச்சிகியின் குரல் மரணச் செய்தி வாசிப்பதுபோல இருக்கும். ‘டோனெகாவா’வில் நடிகரும் கால்பந்து நிகழ்ச்சித் தொகுப்பாளருமான ஜெய் கபிரா கோல் விழுந்ததுபோல உற்சாகமாகக் கத்துகிறார். இங்கே சிரியுங்கள் என்று தோளைத் தட்டுவதுபோல் ஆகிவிடுகிறது. சொல்லும் முறை இறங்கிவராததுதான் சிரிப்பு என்று பகடி பற்றிய கேள்வியில் சொன்னேன். அந்தக் குரல் பல இடங்களில் இறங்கிவந்துவிடுகிறது.

டோனெகாவாவின் குரலும் மாறியிருக்கிறது. முதலில் ஹகுரியு, பிறகு தொஷியுகி மோரிகாவா. மோரிகாவா நன்றாகவே செய்திருக்கிறார், ஆனால் பழைய கரகரப்பைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது பழகச் சில எபிசோடுகள் ஆகும்.

இந்தக் கதைகள் மூலக் கதையோடு சரியாகப் பொருந்துமா, இல்லை வேறு உலகமா?

‘டோனெகாவா’ எஸ்போவார் கப்பலுக்கு முந்தைய நாட்களிலிருந்து தொடங்குகிறது. கல், தாள், கத்தரி விளையாட்டைப் பன்னிரண்டு சீட்டுகளோடும் மூன்று நட்சத்திரங்களோடும் மரணப் போட்டியாக்கிய யோசனை எங்கிருந்து வந்தது என்பதற்கு இதில் விடை உண்டு. ஆனால் பல்லைப் பிடித்துப் பார்க்காதீர்கள். ‘கைஜி’ 1996இல் நடக்கிறது, ஓட்சுகி உலா வருவதோ இன்றைய டோக்கியோவில். கூட்டிக் கழித்தால் வராது. வரவேண்டிய அவசியமும் இல்லை, பாத்திரங்களின் குணம் பொருந்துகிறது.

கடனாளிகளைச் சாகடிப்பவருக்காக நம்மை உருக வைப்பது தவறில்லையா?

கேட்க வேண்டிய கேள்வி. தொடர் அவரை மன்னிக்கச் சொல்லவில்லை என்பது முதல் பதில். அவர் உருவாக்கப் பாடுபடுவது மனிதர்களை அழிக்கும் விளையாட்டு என்பதை அது எங்கேயும் மறைப்பதில்லை. நாம்தான் மறக்கிறோம். யாமாசாகியின் யோசனை தேறிவிட வேண்டும் என்று கைதட்டும்போது அது என்ன யோசனை என்பது நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அப்படித்தான் நழுவியிருக்கும். கெடு நாள், குறிப்பேடு, மேலிடத்து ஒப்புதல் இவற்றுக்கு நடுவே ஒரு கொலைத்திட்டம் வெறும் வேலையாகிவிடுகிறது. இதை மூலத் தொடர் காட்டவில்லை. அங்கே கொடுமை, கொடூர முகத்தோடு வரும். இங்கே நேரம் தவறாத, பணிவான, பரஸ்பரம் அக்கறை கொண்ட ஊழியர்கள் அதைச் செய்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. உத்தரத்தின் மேல் நடக்கப் போகிறவர்களிடம் டோனெகாவா செய்யும் அந்தப் பணப் பிரசங்கத்தை மறுபடி கேட்டுப் பாருங்கள். பரீட்சைக்குப் படித்து, வேலை தேடி, மேலதிகாரிகளைச் சகித்து, ஆண்டுக்கணக்கில் சேமித்தால்தான் ஒரு சாதாரண மனிதனால் ஒரு கோடி யென் பார்க்க முடியும் என்கிறார். அது வில்லன் வசனம்தான். ஆனால் அதில் விவரிக்கப்படும் வாழ்க்கை அவருடையதுமாக இருக்கலாம். கிளைத்தொடர் அந்த இடைவெளியில்தான் குடியேறியிருக்கிறது.

இருந்தாலும் உங்கள் சந்தேகத்தில் நியாயம் உண்டு. ‘டோனெகாவா’வில் பலியாகப் போகிறவர்களுக்கு முகம் இல்லை. மூலத்தில், கூட நடக்கும் கைஜி தடுமாறிவிடக்கூடாது என்று சத்தமே போடாமல் விழுந்து இறந்த இஷிதாவைப் போல ஒருவரும் இங்கே கிடையாது. அப்படி ஒருவரை உள்ளே விட்டால் சிரிப்பு நின்றுவிடும். ஆசிரியர் அந்தக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறார்.

காமெடியைப் பார்த்துவிட்டு மறுபடி ‘கைஜி’ பார்த்தால் பயம் போய்விடாதா?

எஸ்போவாரில் டோனெகாவா மேடையேறும்போது ஒரு புன்னகை வரும், தவிர்க்க முடியாது. சுவரோரம் நிற்கும் கறுப்பு சூட்டுகளில் யார் எபிதானி என்று கண் தேடும். ஆனால் இரும்புத் தட்டுக் காட்சி முன்பைவிடக் கனமாகிறது. முன்பு வில்லன் தண்டிக்கப்பட்டான். இப்போது பெயர் நினைவில் நிற்கவில்லை என்று தவித்த மனிதர் எரிகிறார்.

எல்லா சீரியஸ் தொடருக்கும் இப்படிக் காமெடி செய்துவிட முடியுமா?

செய்கிறார்கள், பெரும்பாலும் தேறுவதில்லை. மூலம் எதைப் பற்றி விடாமல் கவலைப்படுகிறதோ அதைக் கிளைத்தொடரும் வேறு கோணத்தில் கவலைப்பட வேண்டும். ‘கைஜி’யின் கவலை பணமும், ஒருவருக்கு ஒருவர் மேலே கீழே நிற்பதும். ஆபீசும் அதேதான். அதனால் ஒட்டுப்போட்ட தையல் தெரியவில்லை. வெறுமனே பாத்திரங்களைப் பள்ளிச் சீருடை போட்டு உட்கார வைத்தால் ஒரு வாரம் சிரிக்கலாம்.

தேறிய இன்னொன்றைச் சொல்ல வேண்டுமென்றால், ‘டிடெக்டிவ் கோனான்’ தொடரிலிருந்து பிரிந்த ‘ஹான்சாவா’. கோனானில் கொலையாளி யாரென்று தெரியும்வரை அவரை முழுக் கறுப்பு நிழலுருவாகத்தான் காட்டுவார்கள். அந்த நிழலுருவையே கதாநாயகனாக்கி, கொலை செய்ய ஊருக்கு வந்தவர் வாடகை வீடு தேடி அல்லாடுவதாக மயுகோ கன்பா 2017இல் மங்கா வரைந்தார். 2022இல் அனிமேயும் வந்தது. ஓயாமல் கொலை விழும் ஊரில் ஒரு சாதாரண மனிதன் எப்படிக் குடியிருப்பான் என்பது கோனான் ரசிகர்கள் எல்லோரும் மனத்துக்குள் கேட்டுக்கொண்ட கேள்விதான்.

பிரபலமான பெயரை வைத்துப் பதிப்பகம் காசு பார்க்கிறது, அவ்வளவுதானே?

காசு பார்க்கிறது, சந்தேகமே இல்லை. ‘கைஜி’யின் மூல மங்காவில் 2017 முதல் கைஜி 240 கோடி யென்னைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், ஓடுகிறான், இன்னும் ஓடுகிறான். கதை அவ்வளவு மெதுவாக நகரும்போது வாசகரைப் பிடித்துவைக்கக் கிளைத்தொடர் கைகொடுக்கும். ஆனால் வியாபாரத்துக்காகத் தொடங்கியது நன்றாக இருக்கக்கூடாது என்று சட்டமா? மூலமும் வாரப் பத்திரிகை விற்க வரையப்பட்டதுதான்.

பெண் பாத்திரங்களே இல்லையே?

அனேகமாக இல்லை. மூலத்திலிருந்து வந்த குறை. ஆபீசைப் பற்றிய தொடரில் அது இன்னும் பளிச்சென்று தெரிகிறது. சமாதானம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

‘கைஜி’ வேண்டவே வேண்டாம். ‘டோனெகாவா’வில் ரத்தம் அரிது, ஆனால் புகை, குடி, அடிமட்டமான மிரட்டல் உண்டு. பதினைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் புரியாமல் சலிப்புத் தட்டும் என்பது வேறு. மேலதிகாரி ஒருவரிடம் வேலை பார்த்துப் பழகியபின் பார்த்தால் இன்னும் ருசிக்கும்.

ஓட்சுகி வெளியே வந்து செலவழிக்கிறாரே, அது யாருடைய பணம்?

இதைக் கேட்டவர் ‘கைஜி’யை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார். முகாமில் ஓட்சுகி நடத்தும் பகடையாட்டத்தில் 4, 5, 6 மட்டுமே பொறித்த பகடைகளை இடையில் நுழைத்து, கூட வேலை செய்யும் அடிமைகளின் சம்பளத்தை அடித்துவிடுவார். அந்தப் பெரிகாவில்தான் ஒரு நாள் அனுமதி. அவர் ரசித்துக் குடிக்கும் ஒவ்வொரு மிடறு பீரும் யாரோ ஒருவர் பூமிக்கடியில் இன்னும் கொஞ்ச காலம் இருக்கப் போவதற்கான காரணம்.

‘ஹான்ச்சோ’ இதை உரக்கச் சொல்வதில்லை, முற்றிலும் துடைத்துப் போடவும் இல்லை. அவர் பூமிக்கடிக்குத் திரும்பும்போதெல்லாம் எப்படிப்பட்ட இடத்துக்குத் திரும்புகிறார் என்று வாசகருக்குத் தெரியும். டோனெகாவா விஷயத்தில் சாத்திய கதவு என்று முன்பு சொன்னேனே, இங்கே அந்தக் கதவு சற்றே திறந்திருக்கிறது. அதனால்தான் இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால் நான் ‘ஹான்ச்சோ’ என்பேன். ஒப்புக்கொள்ளாதவர்கள் அதிகம், ஆபீஸ் கூட்டங்களில் வெந்தவர்கள் எல்லோரும் ‘டோனெகாவா’ பக்கம்தான்.

மூன்றாவதாக இச்சிஜோவைப் பற்றியும் ஒன்று இருக்கிறதாமே, அதையும் படிக்க வேண்டுமா?

இருக்கிறது. இரண்டாம் சீசனில் ‘சதுப்பு’ என்ற ராட்சத பச்சிங்கோ சூதாட்ட இயந்திரத்தைக் காக்கும் கசினோ மேலாளர் இச்சிஜோ, அதற்கு வெகுகாலம் முன்பு ஊரைவிட்டு டோக்கியோவுக்கு வந்து கஷ்டப்பட்ட நாட்களைப் பற்றியது. 2021இல் தொடங்கியது, கதை மறுபடி ஹாகிவாராதான். இது மற்ற இரண்டைவிட மென்மையானது, சிரிப்பு குறைவு, இளமைக்கால நட்புக்குத்தான் இடம் அதிகம். இரண்டாம் சீசனை முடித்து, இச்சிஜோ எப்படி விழுந்தார் என்று பார்த்தபிறகு எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் படித்தால் ஏதோ ஒரு இளைஞனின் கதை, அவ்வளவுதான்.